முத்திரை குத்தாத கோழி

அமெரிக்காவில், அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் நகர மன்றத்தில் சமையல் வேலை பார்த்தவள் தவமணி. யாழ்ப்பாணத்துப் போருக்குத் தப்பி வந்தவள். அந்த ஊர்க் கோழி இறைச்சி ஆலைக்கு முதலாளி வார்னர். பாதி ஊர் அவரிடம்தான் வேலை செய்தது. அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

இறைச்சியைச் சோதித்து முத்திரை குத்தும் அரசுப் பரிசோதகர்கள் இனியும் வேண்டுமா என்று விசாரிக்க, ஒருநாள் மாநிலக் குழு அந்த மன்றத்துக்கு வந்திருந்தது. முந்தைய மாதம்தான், யாரோ திருட்டுத்தனமாக விற்ற முத்திரையில்லாக் கோழியைத் தின்று, தவமணியின் பக்கத்து வீட்டுக் குழந்தை இறந்திருந்தது.

"வியாபாரத்தில் அரசுக்கு என்ன வேலை?" என்று முழங்கினார் வார்னர். "கெட்டதை வாங்குகிறவனே ஒதுக்கிவிடுவான். அவனைவிட நல்ல பரிசோதகர் இருந்தால் யாராவது காட்டுங்கள், பார்ப்போம்!"

மதியச் சாப்பாட்டோடு வந்த தவமணி, வறுத்த கோழி வைத்த இரண்டு தட்டுகளை அவர் முன்னால் வைத்தாள்.

"ஒன்று முத்திரை குத்தியது, மற்றது குத்தாதது. வாங்குகிறவர் நீங்கள்தான் ஐயா. நல்லதாகப் பார்த்துச் சாப்பிடுங்கள்."

வார்னர் முகர்ந்து பார்த்தார், புரட்டிப் பார்த்தார்.

"எதில் முத்திரை இருந்தது?" என்று கேட்டேவிட்டார்.

"இரண்டிலும் இருந்தது ஐயா. கெட்டதை நான் யாருக்கும் பரிமாற மாட்டேன்," என்றாள் தவமணி. "நீங்கள் கேட்க நான் இருந்தேன். குழந்தையைப் பறிகொடுத்த அந்தத் தாய் யாரைக் கேட்பாள்?"

பரிசோதகர்கள் இருக்கட்டும் என்று குழு அன்றே முடிவெடுத்தது.