நாள் பார்க்காத சுறா

"மச்சான், நாளைக்குக் கரும்பாறைப் பக்கம் மடிவலை இழுப்போம். எறால் அங்கேதான் கிடக்கு."

கடலில் உள்ளவை எல்லாம் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மீன்பிடி வள்ளத்தின் நிழலில் ஒதுங்கியிருந்த முள்ளியின் காதில், மேலே வள்ளக்காரன் சொன்ன இது விழுந்தது. முள்ளி முழங்கை நீளமே உள்ள சின்னச் சுறா. தன் முட்டைகளை அவள் ஒட்டி வைத்திருந்தது அந்தக் கரும்பாறையில்தான்.

"கண்டதெல்லாம் வலையில ஏறி வருமே?" என்றான் மச்சான்.

"வரட்டும். எறாலைப் பொறுக்கிட்டு மிச்சத்தைத் தள்ளிவிடு."

முள்ளி வாலை அடித்துத் திரும்பினாள். நேரே நண்டிடம் போனாள்.

"அண்ணே, என் முட்டைகளை உங்க வளையில வச்சுக்கோங்க. ஒரே ஒரு நாள்."

"நான் திரும்பவே இடமில்லாமத்தான் பக்கவாட்டில நடக்கிறேன். பார்த்ததில்லையா?" என்றது நண்டு.

பக்கத்தில் கிடந்த கணவாய் மீன் சிரித்தது. "இவ்வளவு பெரிய வாயை வச்சுக்கிட்டு இடம் தேடுறியே, தங்கச்சி!"

மறுநாள் தூரத்தில் மணல் புகைந்தது. மடியின் கல் குண்டுகள் தரையில் உருண்டுவரும் சத்தம் கேட்டது. முள்ளிக்கு யோசிக்க நேரமில்லை. ஒவ்வொரு முட்டையாக விழுங்கினாள். ஆறு போயின. ஏழாவது தொண்டையில் இறங்கவில்லை. அதைப் பாறையிலேயே வைத்துவிட்டு, வெளிச்சம் எட்டாத ஆழத்துக்கு ஓடினாள்.

வயிற்றுக்குள்ளேயே முட்டைகள் பொரிந்தன. குட்டிகள் புரண்டன. மணல் துகள் அசைந்தாலும் முள்ளி திடுக்கிட்டாள். "இன்னும் பத்து நாள். பல்லாவது முளைக்கட்டும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மேலே எறால் குறைந்தது. வள்ளக்காரர்களின் கயிறு ஆழத்துக்கு நீண்டது.

ஒரு நண்பகல், ஓசையே இல்லாமல் மடி அவள்மேல் கவிந்தது. எறாலும் விலாங்குமாக நாலு பக்கமும் நெருக்க, வலை மேலே ஏறத் தொடங்கியது. வலைக் கண்ணிக்குள் முள்ளியின் தலை நுழையவில்லை. குட்டிகள் என்றால் நுழையும்.

"இன்னும் நாள் ஆகலையே, அம்மா" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"ஆகலைதான்."

"வெளியே போய் என்ன செய்யணும்?"

"இருட்டா இருக்கிற பக்கமா இறங்கிக்கிட்டே இருங்க. மேல மட்டும் பார்க்காதீங்க."

தண்ணீர் வெளுக்கத் தொடங்கியது. முள்ளி வயிற்றை வலையோடு அழுத்தி, மூச்சை அடக்கி, முக்கினாள்.

மடியில் மாட்டிய சினைச் சுறா, மாதம் நிறையக் காத்திராமல் குட்டிகளைக் கண்ணிக்கு வெளியே தள்ளத் தொடங்கியது அன்று முதல்தான்.