மூன்று காவலும் ஒரு லட்சுமியும்

“டீச்சர், ஒரு ஃபைல் திறக்க ஏழு நிமிஷம் ஆகுது. நான் என்ன பாவம் செஞ்சேன்?”

செண்பகவல்லி டீச்சர் ஒரு பழைய கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். அதிலிருந்து மிக்சர் கொட்டியது.

“அந்த ஏழு நிமிஷத்துல என்ன பண்ணுவீங்க அண்ணாச்சி?”

“டீ குடிப்பேன்.”

“ஒரு நாளைக்கு எத்தனை ஃபைல்?”

“பதினஞ்சு இருக்கும்.”

“டீயைக் குறைங்க,” என்றார் டீச்சர். மறுபடி கீபோர்டைத் தட்டினார்.

டீச்சர் அப்படித்தான். ஒரு காலத்தில் டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தவர். வகுப்பை மூடிவிட்டுப் பழுது பார்க்க வந்து பத்து வருடமாகிறது, பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. புலம்பிக்கொண்டு வந்த அருஞ்சுனை அவரைவிடப் பதினோரு வயது மூத்தவர், அவருக்கும் டீச்சர்தான். டீச்சரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும் என்று சிவகாசியில் பேச்சு.

அருஞ்சுனை நகரவில்லை.

“வெள்ளிக்கிழமை அச்சுப் பிளேட்டுக்குப் போகணும் டீச்சர். பன்னிரண்டு படம். இன்னைக்குத் திங்கள். மூணுதான் ஆகிருக்கு.”

காலண்டருக்குச் சாமி படம் வரைகிறவர் அவர். முன்பு தூரிகையில் வரைந்தார், இப்போது கம்ப்யூட்டர் பேனாவில். ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருடத்து ஆல்பம் வெளிவரும். வியாபாரிகள் அதைப் புரட்டிப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். போன வருடம் ஆல்பத்தில் அவர் படம் ஒன்றுகூட இல்லை. இந்த வருடமும் இல்லையென்றால் எதிர்த்த தெரு ஆளை வைத்துக்கொள்வதாக அச்சக முதலாளி சொல்லிவிட்டார். முகத்துக்கு நேரே, சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் அருஞ்சுனைக்குத் தாங்கவில்லை.

டீச்சர் கீபோர்டை வைத்தார்.

“நடங்க. வாரேன்.”

*

அருஞ்சுனையின் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த டீச்சர், திரையின் மூலையைப் பார்த்தார். மூன்று சின்னக் கேடயங்கள். ஒன்று பச்சை, ஒன்று நீலம், ஒன்று ஆரஞ்சு.

“மூணு ஆன்ட்டிவைரஸா?”

“ஒண்ணு அசந்துட்டா?”

டீச்சர் முதல் கேடயத்தைத் திறந்தார். எத்தனை கட்டம் உண்டோ அத்தனையிலும் டிக்.

“எல்லாத்தையும் போட்டு வச்சிருக்கீங்க.”

“பரீட்சைப் பேப்பர்ல டிக் வந்தா நல்லதுதான டீச்சர்?”

“தினமும் காலையில பதினொரு மணிக்கு முழு மெஷினையும் சோதிக்கச் சொல்லியிருக்கீங்க. ஏன் பதினொரு மணி?”

“அப்பதான் நான் பக்கத்துல இருப்பேன்.”

“இருந்து?”

“அது ஒழுங்காச் சோதிக்குதான்னு பாப்பேன்.”

டீச்சர் திரும்பி அவரை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார். அங்கே கூத்து நடந்துகொண்டிருந்தது. ஒரு படத்தைத் திறந்தால் முதல் காவல் அதைச் சோதிக்கும். யார் இதைத் தொட்டது என்று இரண்டாவது வந்து சோதிக்கும். இரண்டாவதின் மேல் சந்தேகப்பட்டு மூன்றாவது வரும். அது முடித்ததும் முதலாவதுக்கு மறுபடி சந்தேகம் வந்துவிடும். நடுவில் பாவம், அந்தப் பிள்ளையார் படம் பாதித் தும்பிக்கையோடு நின்றது.

“போன வருஷம் ஒரு கடைக்காரர் தாத்தா போட்டோவை பென்டிரைவ்ல கொண்டுவந்தார்,” என்றார் அருஞ்சுனை. “செருகினேன். சாயங்காலத்துக்குள்ள எல்லா ஃபைலும் பேரு மாறிப் போச்சு. ஒண்ணும் திறக்கல. ஒரு வருஷத்து வேலை டீச்சர்.”

 

அருஞ்சுனை கேடயங்களைக் கை காட்டினார். “சரி, நடந்தது நடந்துபோச்சு. மூணையும் தூக்கிருங்க. மொத்தமா. எனக்கு வெள்ளிக்கிழமைக்குப் படம் போனாப் போதும்.”

டீச்சர் எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து ரூம் வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, பக்கத்து ரூம்ல பிரிண்டர் இருக்குல்ல? போய் ஒரு பேப்பர் எடுத்துட்டு வாங்க.”

எடுத்துக்கொண்டு வந்தார். டீச்சர் காலை நீட்டி வழியை மறித்தார்.

“பேரு?”

“என்ன டீச்சர் விளையாட்டு?”

“பேரு.”

“அருஞ்சுனை.”

“எங்க போயிட்டு வாரீங்க?”

“நீங்க சொல்லித்தான போனேன்.”

“சட்டைப் பையைக் காட்டுங்க.”

காட்டினார். ஒரு சீப்பு, ஒரு பேனா, பஸ் டிக்கெட். டீச்சர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

“இன்னொரு பேப்பர்.”

மறுபடி போனார். மறுபடி பேரு, மறுபடி பை. சீப்பை இந்தத் தடவை பல் பல்லாகப் பார்த்தார். நாலாவது தடவை அருஞ்சுனைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“என்னை உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“இது என் கடைன்னு தெரியாதா?”

“தெரியும். பஸ் டிக்கெட்டைக் காட்டுங்க.”

அவர் பஸ் டிக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது தெரு வாசல் வழியாகச் சாத்தூர் சேவுக் கடைக்காரர் ஒருவர் வந்தார். இருவரும் மும்முரமாக இருப்பதைப் பார்த்து, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஒதுங்கி உள்ளே போனார். நல்ல மனுஷன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். தன் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார்.

“அண்ணாச்சி, சேவுப் பாக்கெட்டுக்கு லேபிள் இதுல இருக்கு. நானே செருகிறட்டுமா?”

அருஞ்சுனை கையில் பஸ் டிக்கெட்டோடு அப்படியே நின்றார்.

“செருகாதீங்க,” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பிறகு டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் காலை மடக்கிக்கொண்டார்.

*

நீலத்தையும் ஆரஞ்சையும் டீச்சர் எடுத்தார். பச்சையை விட்டார்.

“இது எப்பவும் காவல் இருக்கும். அதை அணைக்கக் கூடாது. பென்டிரைவ் எது வந்தாலும் முதல்ல அதுதான் பாக்கும், அதுலயும் கை வைக்காதீங்க. நீங்க சாப்பிடப் போறது எத்தனை மணிக்கு?”

“ஒண்ணரை.”

“முழுச் சோதனை ஒண்ணரைக்கு.”

“நான் இருக்கமாட்டேனே டீச்சர்.”

“அதுக்குத்தான்.”

அருஞ்சுனை நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

“இப்ப சொல்லுங்க. எந்த ஃபோல்டரைச் சோதிக்காம விடலாம்?”

“அது நீங்க சொல்லணும்.”

“வீடு உங்களுது.”

“அப்ப மொத்த டிரைவையும் விட்ரலாம். வேகமாப் போவும்.”

டீச்சர் முதல் ஃபோல்டர் மேல் விரலை வைத்தார்.

“இது எங்கருந்து வந்துச்சு?”

“நான் வரைஞ்சது. எல்லாமே என் கையால.”

“இது?”

“முதலாளி அனுப்பின படங்க.”

“அவருக்கு எங்கருந்து வந்துச்சு?”

“யாரோ வியாபாரிங்க அனுப்பிருப்பாங்க.”

“அவங்களுக்கு?”

அருஞ்சுனை தலையைச் சொறிந்தார்.

“இது?”

“நெட்ல இறக்கினது.”

அதற்குமேல் டீச்சர் கேட்க வேண்டியிருக்கவில்லை. அருஞ்சுனையே மவுஸை வாங்கினார். தான் வரைந்த படங்கள் இருந்த ஃபோல்டரை மட்டும் சோதனையிலிருந்து விலக்கினார். மற்றவர்கள் அனுப்புவதற்கெல்லாம் தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்கு ‘வாசல்’ என்று பேர் வைத்தார். எது வந்தாலும் அங்கே இறங்கும், சோதனை முடிந்தால்தான் உள்ளே வரும்.

பிள்ளையாரைத் திறந்தார். ஒன்பது விநாடி. தும்பிக்கை முழுசாக வந்தது.

“இன்னொரு பிரதி வச்சிருக்கீங்களா?” என்று டீச்சர் போகும்போது கேட்டார்.

“தினமும் ஹார்டு டிஸ்க்ல எடுத்து வீட்டு பீரோவுல வைக்கேன். பிரதி எடுத்ததும் கழட்டிருவேன், எந்த மெஷின்லயும் செருகி வைக்கிறதில்ல.”

டீச்சர் தலையசைத்தார்.

*

வியாழக்கிழமை மத்தியானம் டீச்சர் அந்தப் பக்கமாக வந்தார். மெஷின் எப்படியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னார்.

“பறக்குது டீச்சர்,” என்றார் அருஞ்சுனை. ஆனால் முகத்தில் களையில்லை.

“எத்தனை படம் ஆச்சு?”

“பன்னிரண்டும் ஆச்சு.”

“அனுப்பியாச்சா?”

அவர் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். முருகன், மீனாட்சி, ஏசு, மக்கா, வெங்கடாசலபதி. புடவை மடிப்பு அத்தனை அழகு, மயில் கழுத்தின் நீலம் அப்படியே கண்ணைப் பறித்தது. கடைசியில் தாமரையில் லட்சுமி.

முகம் இருந்த எந்தப் படத்திலும் கண் இல்லை. இமைக்குக் கீழே வெறும் தோல் நிறம்.

“கண்ணு?”

“கடைசியிலதான் வைக்கணும். எங்க அப்பா காலத்துலருந்து அப்படித்தான்.”

“எல்லாம் முடிஞ்சிருச்சே. இதுதான கடைசி?”

அருஞ்சுனை பேனாவை எடுத்தார். திரையின் மூலையைப் பார்த்தார். பச்சைக் கேடயத்தைத் திறந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றது. மூடினார். பேனாவை எடுத்தார். மறுபடி மூலையைப் பார்த்தார்.

“காலையிலருந்து இப்படித்தானா?”

“நேத்துலருந்து.”

“நேத்துலருந்து எத்தனை தடவை திறந்து பாத்திருப்பீங்க?”

“எண்ணல டீச்சர்.” பேனாவைக் கீழே வைத்தார். “போன வருஷம் லட்சுமிக்குக் கண்ணு வச்ச அன்னைக்குத்தான் எல்லாம் போச்சு. கண்ணு வச்சுட்டு எழுந்து கை கழுவப் போனேன். வந்து பாத்தா அவங்க இல்ல.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பது வயது ஆள், வெட்கமாக இருந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

“பயமா இருக்கு டீச்சர். மெஷினுக்குப் பாத்த மாதிரி இதுக்கும் ஏதாவது செட்டிங் இருந்தாச் சொல்லுங்க.”

டீச்சர் சுற்றும்முற்றும் பார்த்தார். சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. எழுந்துபோய் அன்றைய தாளைக் கிழித்தார்.

“இன்னைக்கு இன்னும் முடியலையே டீச்சர்.”

டீச்சர் தாளை நாலாக மடித்தார். மேஜையிலிருந்த ஒட்டும் டேப்பில் கொஞ்சம் கிழித்து, திரையின் மூலையில் கேடயம் இருந்த இடத்தை மறைத்து அதை ஒட்டினார்.

அருஞ்சுனை பதறிப்போனார்.

“இப்ப அது முழிச்சிருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டே லட்சுமியைப் பார்த்தார்.

“அது முழிச்சுத்தான் இருக்கு அண்ணாச்சி. இவங்கதான் இன்னும் முழிக்கல.”