தண்டபாணி அறுத்த குழாய்

ஒரு ஊர்ல ஒரு காரு இருந்துச்சு. காருன்னா நீ நெனைக்கிற காரு இல்ல அம்மிணி. என்ஜின் இல்ல, சக்கரம் இல்ல, சீட்டு இல்ல, கண்ணாடி இல்ல. வெறும் கூடு. அந்தக் காலத்து மோரிஸ் காரோட கூடு. துருப் புடிச்சு, தேங்காய்க் களத்து ஓரத்துல கெடந்துச்சு. உள்ள கோழி முட்டை வெச்சுட்டு இருந்துச்சு. கொக்கொக்கொக். கேக்குதா?

ம்.

அந்தக் களம் தண்டபாணின்னு ஒரு தேங்காய் மண்டிக்காரரோடது. காரு அவங்க அப்பா வாங்குனது. அவங்கம்மா ரங்காத்தாளுக்கு எம்பது வயசு முடியறதுக்குள்ள அந்தக் காருல ஒருக்கா மலைக்கோயிலுக்குப் போகோணும்னு ஆசை. அப்போ தண்டபாணி, வெள்ளிங்கிரிங்கற டிங்கரைக் கூப்பிட்டு உட்டாரு. டிங்கர்னா வண்டியோட தகரத்தை வெட்டி, தட்டி, வெல்டிங் வெச்சு நேராக்கறவரு. வெள்ளிங்கிரி கூட்டைச் சுத்திச் சுத்தி வந்தாரு. சுத்தியல்ல தட்டுனாரு. மேல டங்குன்னுச்சு. கீழ பொத்துன்னுச்சு. அடித்தகரம் பூராத் துரு. கையை வெச்சா அப்பளமாட்டம் நொறுங்குது.

அப்புறம் என்ன பண்ணுனாரு? ஒவ்வொரு கதவு வாசல்லயும் குறுக்க ஒரு இரும்புக் குழாய் வெச்சு, சிர்ர்ர்னு வெல்டிங் அடிச்சாரு. நாலு வாசல், நாலு குழாய். எதுக்குன்னு கேளு. உன்ற செருப்பு டப்பாவோட அடியை வெட்டி எடுத்துட்டா டப்பா என்னாகும்? தொளதொளன்னு ஆயிருமில்ல? காருக்கும் அதேதான். புது அடித்தகரம் வெக்கற வரைக்கும் கூடு கோணாம நிக்கறதுக்குத்தான் அந்தக் குழாய். அதுக்கப்புறம்தான் துருத் தகரத்தை வெட்டி எடுத்தாரு. புதுத் தகரம் வாங்கக் கோயமுத்தூருக்குக் கெளம்புனாரு. கெளம்பறதுக்கு முன்ன தண்டபாணிகிட்ட, எதை வேணா தொடுங்க, இந்த நாலு குழாயை மட்டும் தொடாதீங்கன்னு சொன்னாரு. ஒருக்கா இல்ல, ரெண்டுக்கா சொன்னாரு.

ம்.

அப்போ பாரு, ஒரு ஜோசியர் வந்து சேந்தாரு. புதன்கிழமை காலைல ஒம்பதரைக்குள்ள ஆத்தா வண்டியில ஏறி உக்காரோணும், இல்லாட்டி தை வரைக்கும் நல்ல நாள் கெடையாதுன்னு சொல்லிப்போட்டாரு. வண்டி எங்க இருக்குது? அடியே இல்ல. அடியில்லாத வண்டியில உக்கார நாள் பாத்துக் குடுத்த மனுசனை என்னன்னு சொல்றது. தண்டபாணியும் தலையாட்டுனாரு. ஏறறதுக்குக் குழாய் குறுக்க நிக்குது. அறுங்கடான்னாரு. சர்ர்க் சர்ர்க், சர்ர்க் சர்ர்க். நாலும் கீழ உழுந்துருச்சு. டணார். அப்புறம் முன்னால ஒரு முனை, பின்னால ஒரு முனைன்னு நீளப் பலகையைப் போட்டு, ஆத்தாளை உக்கார வெச்சு, பக்கத்துல தண்டபாணி உக்காந்து, அந்தப் பக்கம் ஜோசியரும் உக்காந்துட்டாரு. அவரு நல்ல கனம். மணி அடிச்சாங்க, கணகணகண. தேங்காய் உடைச்சாங்க, பொட். அந்தச் சத்தத்துக்குள்ள கூடு கிர்ர்ர்ர்க்னு ஒரு சத்தம் போட்டுச்சு. ஒருத்தர் காதுலயும் உழுகல. ஆத்தா காதுல மட்டும் உழுந்துச்சு.

மறுநாள் வெள்ளிங்கிரி தகரத்தோட வந்தாரு. குழாய் நாலும் மண்ணுல கெடக்குது. கயித்தை எடுத்து, இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் புடிச்சு அளந்தாரு. அப்புறம் மத்த ரெண்டு மூலைக்கும் மாத்தி அளந்தாரு. ஒரு வெரக்கடை, ஒரு வெரல் அகலம், வித்தியாசம். நடுவுல கூடு தொங்கிப் போச்சு. மொதல்ல இதை நிமித்தோணும், ஒரு மாசம் ஆகும்னாரு. தண்டபாணி கேக்கல. ஒரு மணி நேரம் உக்காந்ததுல என்ன ஆயிருச்சுன்னு, கூட்டைத் தூக்கி லாரியில போட்டு வேற பட்டறைக்குக் கொண்டு போயிட்டாரு. அங்க கோணலோடயே அடித்தகரத்தை வெச்சு மூடிட்டாங்க.

போனது போகுதுன்னு உட்டிருக்கலாம். உட்டாரா? கதவை மாட்டிப் பாத்தா சாத்த வரல. உடனே முக்கு பேக்கரியில உக்காந்துட்டு, வெள்ளிங்கிரி தப்பா வெட்டி வண்டியைக் கெடுத்துப்போட்டான்னு சொன்னாரு. அறுத்தது அவரு. பேரு கெட்டது இவருக்கு. பால் வண்டிக்காரர் வெள்ளிங்கிரிகிட்ட வேலைக்கு உட்டிருந்த வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு. பள்ளிக்கூட வேன்காரர் எடுத்துட்டுப் போயிட்டாரு. வெள்ளிங்கிரி பட்டறையில ஈ ஓட்டுனாரு. இப்ப நெனச்சாலும் எனக்கு வயிறு எரியுது அம்மிணி. முழிச்சிருக்கியா?

ம்... கதவு?

வர்றேன், வர்றேன். கதவைச் சரி பண்ணத் தண்டபாணி ஒருத்தர் மாத்தி ஒருத்தரா மூணு பேரைக் கூப்பிட்டாரு. மொத ஆளு கதவோட ஓரத்தைத் தேச்சாரு. க்ர்ர்ர்ர். கதவு சாத்துச்சு, ஆனா அணில் நுழையற அளவு சந்து. மழை பேஞ்சு உள்ள குளமாயிருச்சு. ரெண்டாவது ஆளு கீலைத் தட்டுனாரு. டங் டங் டங். மேல ஒட்டுச்சு, கீழ வாயைப் பொளந்துச்சு. மூணாவது ஆளு சந்துல எல்லாம் பட்டிங்கற பசை மாவைப் பூசி, மேல பச்சை பெயிண்ட் அடிச்சுட்டாரு. பாக்க அப்படியே கிளி மாதிரி இருந்துச்சு. என்ஜின், சக்கரம், சீட்டு எல்லாம் மாட்டியாச்சு. டுர்ர்ர்ர். ஆத்தாளை ஏத்திட்டுக் கெளம்புனாங்க. மொத வளைவு. பட்டி பொலபொலன்னு உதிர்ந்து, கதவு படார்னு தெறந்துக்கிச்சு. ஆத்தா சீட்டைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா, பொழச்சா. ஒரு செருப்பு வாய்க்கால்ல போயிருச்சு. 

ஆத்தா எறங்குனா. ஒத்தச் செருப்போட ரோட்டுல நின்னு மகனைப் பாத்தா.

"குழாயை அறுக்கச் சொன்னவன் நீ. போயிக் கூப்புடறவனும் நீயாத்தான் இருக்கோணும். அவன் தொடாம நான் இதுல ஏற மாட்டேன்."

அப்புறம் தண்டபாணி வெள்ளிங்கிரி பட்டறைக்கு வந்தாரு. அதைத் தர்றேன், இதைத் தர்றேன்னாரு. வெள்ளிங்கிரி அதெல்லாம் வேண்டாம்னுட்டாரு. வேலையைச் செஞ்சு தர்றேன், ஆனா நடந்ததை நீங்க வாயத் தொறந்து சொல்லோணும்னாரு. அதுக்கென்ன, வீட்டுக்கு வா, ஆத்தா முன்னால சொல்றேன்னாரு தண்டபாணி.

"ஆத்தாளுக்குத் தெரியுமுங்க. பேக்கரியிலதான சொன்னீங்க, அங்கயே சொல்லுங்க."

மொத நாள் தண்டபாணி பேக்கரிக்குப் போயி ஒரு பன்னைத் தின்னுட்டு வந்துட்டாரு. ரெண்டாம் நாள் டீயும் பப்ஸும் சாப்ட்டு, மழையைப் பத்திப் பேசிட்டு வந்துட்டாரு. மூணாம் நாள் ஆத்தா வாசல்லயே நின்னுட்டு இருந்தா. இன்னைக்கும் தின்னுட்டு வந்தீன்னா ராத்திரி சோறு இல்லேன்னுட்டா. அப்போ தண்டபாணி போயி, எல்லாரும் இருக்கறப்ப, டீ டம்ளரைப் பாத்து முணுமுணுன்னு என்னமோ சொன்னாரு. மூலையில வெள்ளிங்கிரி உக்காந்திருந்தாரு.

"ஃபேன் சத்தத்துல கேக்கலீங்க."

பேக்கரிக்காரர் போயி ஃபேனை நிறுத்துனாரு. டொக். டீ ஆத்தறவரும் ஆத்தறதை நிறுத்திட்டாரு. ஈ பறக்கற சத்தம் கேக்குது, ங்ங்ங்ங்.

"குழாயை அறுக்கச் சொன்னது நானுங்க. வெள்ளிங்கிரி வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் போனாப்ல. அவரு மேல தப்பு இல்லீங்க."

வெள்ளிங்கிரி எந்திரிச்சு, கையைக் கழுவிட்டு, வண்டியைக் கொண்டாந்து உடுங்கன்னு போயிட்டாரு.

ம்...

அப்புறம் கேளு. அந்தப் பச்சை பெயிண்ட்டை எல்லாம் வழிச்சு எடுத்தாரு. மறுபடி நாலு குழாய், சிர்ர்ர். கோணலா வெச்ச அடித்தகரத்தை வெட்டிப் போட்டாரு. நடுவுல ஜாக்கி வெச்சு, டக், டக், டக்குனு ஒரு நாளைக்கு நெல்லளவு தூக்குனாரு. கயித்தைப் புடிச்சு அளந்தாரு. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் சமம். அப்புறம் புது அடித்தகரம். அப்புறம்தான் குழாயை அறுத்தாரு. அவர் கையால அறுத்தாரு. கூடு அசையல. கதவை மாட்டி ஒரு வெரல்ல தள்ளுனாரு.

டொப்.

அவ்வளவுதான் சத்தம். ரங்காத்தாளுக்கு எம்பது முடிய பதினோரு நாள் இருக்கறப்ப மலைக்கோயிலுக்குப் போயிட்டு வந்துட்டா. ஜன்னலோரமா உக்காந்து, கதவு மேல ஒரு கையை வெச்சுக்கிட்டே போனா. பால் வண்டி திரும்பி வந்துச்சு. வேனும் வந்துச்சு.

அப்புச்சி... அப்புறம் ரெண்டு பேரும் சேக்காளி ஆயிட்டாங்களா?

ஆகல.

ஏன்?

ஏன்னா? நெசத்தைச் சொல்றதுக்கு மூணு நாளு ஆச்சில்ல அந்த மனுசனுக்கு. பொய்யைச் சொல்ல ஒரு நிமிசம் ஆகல. தண்டபாணி வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை ஆத்தாளோட அந்தப் பக்கம் வருவாரு. பட்டறை முன்னால நிறுத்தி ஹாரன் அடிப்பாரு, பாம் பாம். வெள்ளிங்கிரி நிமிந்து பாக்க மாட்டாரு. ஆத்தா எறங்கி வந்து ரெண்டு வார்த்தை பேசுவா, அவகூட மட்டும் நல்லாப் பேசுவாரு. அப்புறம் ஆத்தா ஏறிக் கதவைச் சாத்துவா. அப்போ மட்டும் வெள்ளிங்கிரி சுத்தியலை நிறுத்துவாரு. காதைக் குடுத்துக் கேப்பாரு. டொப்னு கேட்டதும் மறுபடி தட்ட ஆரம்பிச்சுருவாரு.

...

அம்மிணி?

...

சரி. காரு போயிருச்சு, கதையும் போயிருச்சு. போர்வையை இழுத்துக்கோ, தூங்கு.