அடிக்காத தம்பட்டத்தின் கூலி

திருமாங்கொல்லையில் எந்த வீட்டை ஜப்தி செய்தாலும், எந்த நிலத்தை ஏலம் விட்டாலும் முதலில் கேட்பது ஒண்டிமுத்தாரின் தம்பட்டம்தான். கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் முன்சீப் கோர்ட் அமீனா முன்னால் நடப்பார். இவர் பின்னால் நடப்பார். சொத்து இருக்கும் இடத்திலேயே நின்று தம்பட்டம் அடித்து ஏல நாளைச் சொல்ல வேண்டும். அது சட்டம். அந்தக் கூலியில்தான் அவர் சாப்பாடு. அவர் தெருவில் திரும்பினாலே கதவைச் சாத்துகிறவர்கள் இருந்தார்கள்.

மாலையில் குளித்து நீறு பூசி, அதே தம்பட்டத்தோடு செவிசாய்த்தநாதர் கோயிலுக்கு வருவார். உள்ளே மேளம் ஓய்ந்த பிறகு, கோபுரத்துக்கு வெளியே நின்று சிறிது நேரம் அடிப்பார். அந்தக் கோயிலில் சுவாமியின் திருமுடி தென்பக்கம், மேள மண்டபத்தை நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கும். அடியார் குரலைக் கேட்கச் சாய்ந்தது என்பார்கள்.

"என்ன ஒண்டிமுத்து, சாமி வீட்டையும் ஏலம் போடப் போறியா?" என்று கடைவீதியில் சிரிப்பார்கள்.

"போடலாந்தான். எடுக்கிற அளவுக்கு வசதியான ஆளு நம்ம ஊர்ல இல்லையே" என்பார் அவர்.

சோதனை அரிசி மில் வடிவில் வந்தது. முதலாளி சிங்காரவேலு, வேலையாட்களுக்கு மாதக்கணக்கில் கூலி தரவில்லை. அவர்கள் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். மில்லை ஏலம் விட்டுப் பாக்கியைக் கொடுக்கும்படி கோர்ட் உத்தரவிட்டது. சிங்காரவேலு ஒரு கணக்குப் போட்டார். ஏலம் வெளியே தெரியாவிட்டால் அவருடைய மைத்துனர் மட்டுமே வருவார். அடிமாட்டு விலைக்கு மில் குடும்பத்துக்குள்ளேயே தங்கிவிடும். வேலையாட்களுக்கு ஒன்றும் தேறாது.

அமீனா வரதன் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்.

"அடிச்சேன்னு ஒரு ரேகை வச்சுடுப்பா. கூலி தானா வரும். வெயில்ல நடக்கவும் வேணாம்."

"அடிக்காம எப்படிங்க வைக்கிறது? அந்தத் தம்பட்டத்தைச் சாமி முன்னாடியும் அடிக்கிறேனே."

அவ்வளவுதான் பேச்சு. அன்று மாலை ஒண்டிமுத்தார் குளத்தில் மூழ்கி எழுந்து வருவதற்குள், கரையில் வைத்திருந்த தம்பட்டத்தின் தோல் குறுக்கே கிழிக்கப்பட்டிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஏலத்தை அறிவிக்க வேண்டிய நாள். வேறு தம்பட்டம் வாங்க வழியில்லை. கிழிந்ததையே தோளில் மாட்டிக்கொண்டு கோபுர வாசலில் நின்றார்.

"அப்பனே, இதுல சத்தம் வராது. அந்தச் சனங்க வயிறு இதுலதான் இருக்கு. எனக்கு வேற வழி தெரியல."

மில் வாசலில் ஓங்கி அடித்தார். ஈரத்துணியைத் தட்டியதுபோல் ஒரு சத்தம். ஏல நாளைச் சொல்ல வாயைத் திறந்தார். துக்கத்தில் குரல் எழவில்லை. அமீனா சிரித்தார். "அடிச்சாச்சு. சட்டம் முடிஞ்சுது. நட." முறைப்படி அறிவித்தாயிற்று என்று தாமே கையெழுத்திட்டுக் கோர்ட்டில் கொடுத்தார்.

ஏல நாளன்று சிங்காரவேலு மைத்துனரோடு வந்து இறங்கினார். இறங்கியவர் அப்படியே நின்றார். கோர்ட் வாசல் கொள்ளாமல் கூட்டம். வெளியூர் வியாபாரிகள். விலை ஏறிற்று. நெல் வியாபாரி மஸ்தான் ராவுத்தர் கேட்ட தொகையில் எல்லோருடைய கூலியும் அடங்கியது.

சிங்காரவேலுவின் வக்கீல் உடனே மனுப் போட்டார். தம்பட்டம் அடிக்கவே இல்லை, ஏலம் செல்லாது! அமீனாவின் முகம் வெளுத்தது.

முன்சீப் ஒண்டிமுத்தாரை அழைத்தார். படியேறும்போது மில்லில் நெல் அவிக்கும் குப்பாயி வழிமறித்தாள்.

"அண்ணே, அடிச்சேன், எல்லாருக்கும் கேட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. புள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்திக்கிறோம். சாமி கோவிச்சுக்காது."

அவர் அவளைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். கூண்டில் ஏறி நின்றார்.

"அடிச்சேங்க. தோலு கிழிஞ்சிருந்துது. சத்தம் வரலீங்க. நாளைச் சொல்லவும் தொண்டை வரல. யார் காதுலயும் விழுந்திருக்காது."

குப்பாயி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். வக்கீல் புன்னகைத்தார். முன்சீப் ராவுத்தர் பக்கம் திரும்பினார்.

"அப்படியானால் நீர் எப்படி வந்தீர்?"

"தம்பட்டம் கேட்டுத்தாங்க. வெள்ளிக்கிழமை உச்சி வெயில்ல லாரியில போறேன். மில் வாசல்ல ஒரு பெரியவர் அடிச்சு ஏலத்தைச் சொன்னாரு. வண்டியை நிறுத்திக் கேட்டேன்."

"இவரா?"

"இவர் இல்லீங்க. அவருக்குத் தலை ஒரு பக்கமாச் சாஞ்சிருந்துது."

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "அதே ஆளுதாங்க! அதே உச்சி வெயில்ல எங்க ஊர்ச் சந்தையில அடிச்சாரு. எங்க ஊரு பன்னண்டு மைலு."

உள்ளூர்க்காரரான குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

முன்சீப் வெளியூர்க்காரர். "அந்த ஆளை உமக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

ஒண்டிமுத்தாருக்குக் கண்ணீர் வழிந்தது. "தெரியுங்க. சம்மன் அனுப்பினா வரமாட்டாருங்க. கூப்பிட்டா வருவாரு."

மில் வாசலில் தம்பட்டம் அடித்து அறிவித்ததற்குச் சாட்சி இருக்கிறது, ஏலம் செல்லும் என்று முன்சீப் தீர்ப்புச் சொன்னார். வேலையாட்கள் கூலி பெற்றார்கள். அமீனா வரதன் தம்பட்டக் கூலியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"நான் கேக்கும்படியா அடிக்கலீங்களே. அடிச்சவருக்குக் குடுங்க."

அமீனா நடந்து போய் அதைக் கோயில் உண்டியலில் போட்டார்.

அன்று மாலை, மில் ஆட்கள் வாங்கிக் கொடுத்த புதுத் தம்பட்டத்தோடு ஒண்டிமுத்தார் வழக்கம்போல் கோபுரத்துக்கு வெளியே நின்றார். உள்ளேயிருந்து குருக்கள் ஓடி வந்தார்.

"சுவாமி இப்போ தென்பக்கம் சாயலை ஐயா! வாசல் பக்கம் சாஞ்சிருக்கார்! உள்ளே வாங்கோ, நீங்க உள்ளே வந்து அடிக்கணும்!"

அவர் உள்ளே போய் அடித்தார். தெருவில் அன்று ஒருவரும் கதவைச் சாத்தவில்லை.

பிறர் வயிற்றுக்காகவும் பொய் சொல்லாத ஒண்டிமுத்தாரை, இறைவனே வெயிலில் நின்று வேலை செய்து கொடுத்த அந்த எளியவரை, நாமும் வணங்கி நிற்போம்.