காயத்தின் ஓரம்

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் பன்னிரண்டு கட்டில்கள் போட்ட ஓர் இல்லம் இருந்தது. ஆறாத புண்ணோடு வருகிறவர்கள் அங்கே தங்குவார்கள். அதை நடத்தியவள் உலகம்மை. வயது முப்பத்தொன்பது. முன்பு ஒரு மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில், தீக்காயம் பட்டவர்களுக்காகத் தட்டில் தோல் வளர்த்துக்கொண்டிருந்தவள்.

புண் கட்டும் வேலையைக் கற்றுக்கொள்ளவும் சிலர் வருவார்கள். கேள்வி கேட்பார்கள். உலகம்மை பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. கையில் ஏதாவது வேலையைக் கொடுத்துவிடுவாள்.

சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் அக்கா.

சொரிமுத்து அங்கே சீடராக வரவில்லை. வெந்த கையோடு வந்தார்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பராக இருந்தவர். முப்பத்தொரு வருஷம் அவர் விசில் ஊதாமல் ஒரு வண்டியும் வாசலைத் தாண்டியதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் காலையில் போய் நின்றுவிடுவார். ஒரு நாள் ஒரு வண்டி சூடேறி நின்றது. "ஆறட்டும் சார்," என்றார் மெக்கானிக். ஐந்து நாற்பதுக்குப் போகவேண்டிய வண்டி. சொரிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. ரேடியேட்டர் மூடியைத் தானே திறந்தார்.

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது.

மூன்று வாரத்தில் மூடாவிட்டால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வீட்டில் வைத்திருந்தால் பணிமனைக்கு ஓடிவிடுவார் என்று, நாலாம் நாளே மகள் கொண்டுவந்து இந்த இல்லத்தில் விட்டுவிட்டாள்.

உலகம்மை கையைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டினாள். "மூணு நாளைக்கு ஒருக்கா நான்தான் பிரிப்பேன் அண்ணாச்சி," என்றாள்.

"சரிக்கா," என்றார் அவர்.

அவள் அவரை அண்ணாச்சி என்றாள், அவர் அவளை அக்கா என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்த கோலப்பன் இதைக் கேட்டுச் சிரித்தார். அவர் அல்வா மாஸ்டர். கொதிக்கிற நெய் கொட்டி இரண்டு கையும் விரல் நுனி வரை கட்டிக் கிடந்தன.

மூன்றாம் நாள் உலகம்மை கட்டைப் பிரிக்க வந்தாள். துணியின் முடிச்சு அவள் போட்ட முடிச்சு இல்லை.

"தெனமும் பிரிச்சுப் பாக்கீயளா?"

"பாக்காம எப்படிக்கா? உள்ள வேலை நடக்கா, இல்லையான்னு தெரிய வேண்டாமா?"

உலகம்மை அன்று காலை அவர் பிரித்துப் போட்டிருந்த பழைய துணியைத் தேடி எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இடுக்கியால் அதிலிருந்து எதையோ உரித்தாள். வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லியதாக, கண்ணாடி போல ஒரு துணுக்கு.

"இது என்னன்னு தெரியுதா அண்ணாச்சி?"

"என்னது?"

"உங்க தோலு. நேத்து முழுக்க நகந்து நகந்து புண்ணுக்குள்ள இறங்கியிருக்கு. நீங்க மேற்பார்வைக்குப் போயி, வேலைக்கு வந்த ஆளையே பிடுங்கிட்டு வந்துட்டீய."

கோலப்பன் கட்டில் அதிரச் சிரித்தார். சொரிமுத்து சிரிக்கவில்லை. அந்தத் துணுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவர் கட்டைத் தொடவில்லை. ஆனால் அதையே பார்த்தபடி ஆணி அடித்தது போல உட்கார்ந்திருந்தார். மறுநாள் உலகம்மை பஞ்சு வெட்டிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"அக்கா, உள்ள யாரு விசில் கொடுக்கா?"

"யாருமில்ல."

"யாருமில்லாம எப்படிக்கா கெளம்பும்?"

உலகம்மை கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "நாளைக்கு ஒரு நல்ல சட்டையாப் போடுங்க. வெளிய போவோம்," என்றாள்.

அவள் முன்பு வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்குத்தான் போனார்கள். அங்கே இப்போது பர்வீன் இருந்தாள், உலகம்மையின் பழைய தோழி. ஒரு சின்ன வட்டத் தட்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழே வைத்தாள். "பாருங்க சார்."

சொரிமுத்து குனிந்து பார்த்தார். கூழாங்கல் பதித்த தரை போல, இடைவெளி இல்லாமல், ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான செல்கள்.

"அடேயப்பா! என்ன ஒழுங்கு!"

பர்வீன் தட்டை வெளியே எடுத்தாள். கூரான ஒரு பிளாஸ்டிக் குழாயால் நடுவில் சர்ரென்று ஒரு கோடு இழுத்தாள்.

"ஏம்மா! நல்லாத்தானே இருந்தது, ஏன் கீறுனீங்க?"

"இப்பப் பாருங்க."

பார்த்தார். தரைக்கு நடுவில் ஒரு வெற்றுச் சாலை. இரண்டு பக்கமும் பிய்ந்த ஓரம். சொரிமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபது. கால் மணி நேரம் கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணும் கெளம்பலையே."

"வாங்க, காப்பி குடிப்போம்," என்றாள் உலகம்மை.

நாலு மணிக்கு மறுபடி பார்த்தபோது, "அக்கா!" என்று கத்தினார்.

சாலை ஒடுங்கியிருந்தது. ஓரத்தில் இருந்த செல்கள் உருண்டையாக இல்லை. தட்டையாகி, வெற்றிடத்துக்குள் விசிறி போல முன்பக்கத்தை நீட்டியிருந்தன. அவற்றுக்குப் பின்னால் இருந்தவையும் பிடியை விடாமல் கூடவே இழுபட்டு வந்திருந்தன.

"முன்னால போறவங்களை யாரும்மா தேர்ந்தெடுத்தா?"

"யாரும் இல்ல சார். ஓரத்துல இருந்தாங்க. பக்கத்துல காலியாச்சு. போறாங்க," என்றாள் பர்வீன்.

"நடுவுல இருக்கிறவங்க நல்லாத் திடமா இருக்காங்களே. அவங்களை முன்னால அனுப்பலாமே?"

"அவங்களைச் சுத்தித்தான் நாலு பக்கமும் ஆள் இருக்கே. காயம் பட்டிருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொரிமுத்து மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தார்.

அன்று பர்வீன் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலை மறுபடி போய்ப் பார்த்தார்கள். சொரிமுத்து தட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தித் தேடினார். கோட்டைக் காணவில்லை. எந்த இடத்தில் கீறியது என்றே தெரியவில்லை. பழையபடி கூழாங்கல் தரை.

"எங்கம்மா போச்சு?" என்று சின்னப் பிள்ளை போலக் கேட்டார்.

திரும்பி வரும்போது பேருந்து பன்னிரண்டு நிமிஷம் தாமதம். அவர் கவனிக்கவே இல்லை.

கை வெந்த பத்தொன்பதாம் நாள் மருத்துவர் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார். புண்ணின் ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகத் தோல் உள்ளே வந்திருந்தது. நடுவிலும் மயிர்க்கால்களிலிருந்து முத்து முத்தாகத் தோல் கிளம்பி, ஒன்றோடு ஒன்று சேர்ந்திருந்தது. "தொடை தப்பிச்சுது," என்றார் மருத்துவர்.

மகள் கூட்டிப்போக வந்தாள். சொரிமுத்து பையை எடுக்கவில்லை.

"இங்கேயே இருந்து படிக்கேன் அக்கா. சேத்துக்கிடுவீங்களா?"

"என்ன தெரியும் உங்களுக்கு?"

அவர் யோசித்தார். "கட்டைப் பிரிச்சுப் பாக்காம இருக்கத் தெரியும்."

"அது போதும்," என்றாள் உலகம்மை.

மகள் நிம்மதியாக ஊருக்குப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து உலகம்மை ஐந்து நாள் மதுரைக்குப் போகவேண்டி வந்தது. யாரைப் பொறுப்பாக விட்டுப்போவாள் என்று சொரிமுத்துவுக்கு ஒரே தவிப்பு. சட்டைப் பையில் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அவள் எல்லோரையும் பார்த்துத் தலையசைத்தாள். ஆட்டோவில் ஏறினாள். போய்விட்டாள்.

யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

சொரிமுத்து அன்றே ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டார். யார், என்ன வேலை, எத்தனை மணிக்கு. சுவரில் ஒட்டினார்.

மறுநாள் காலை சமையல்காரம்மா வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல். தாளில் அதற்குக் கட்டம் இல்லை. எட்டரை மணிக்கு அடுப்பு குளிர்ந்து கிடந்தது. சர்க்கரை மாத்திரை போட்டவர்கள் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். சொரிமுத்து பேனாவோடு தாளின் முன்னால் நின்றார். யாரை அனுப்புவது?

அப்புறம்தான் பார்த்தார். அடுக்களை வாசலுக்கு மிகப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது அவரேதான்.

உள்ளே போனார். அவருக்கு அடுப்புப் பற்றவைக்க மட்டும்தான் தெரியும். பற்றவைத்தார். சத்தம் கேட்டுக் கோலப்பன் வந்து வாசலில் சாய்ந்துகொண்டார்.

"என்னவே செய்யப் போறீரு?"

"தெரியலவே."

"சட்டியை வையும். ரவையை எடும். நான் சொல்லுதேன்."

கை இல்லாத சமையல்காரரும் சமைக்கத் தெரியாத கையுமாக உப்புமா கிண்டினார்கள். கால் புண்ணோடு இருந்த ஒரு அம்மா கட்டிலில் இருந்தபடியே வெங்காயம் கேட்டு வாங்கி நறுக்கினாள். முதுகில் கட்டுப் போட்டவர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். யாரும் தாளைப் பார்க்கவில்லை. உப்புமா கட்டி தட்டிப் போயிருந்தது. ஒருவர் விடாமல் சாப்பிட்டார்கள்.

கோலப்பன் தட்டு மட்டும் அப்படியே இருந்தது. சொரிமுத்து பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினார்.

"நல்லாயிருக்கா?"

"கல்லு மாதிரி இருக்குவே," என்றார் கோலப்பன். "இன்னும் ஒரு வாய் வையும்."

சமையல்காரம்மா மறுநாள் திரும்பி வந்துவிட்டாள். சொரிமுத்து தாளைச் சுவரிலிருந்து எடுத்து, சூடான சட்டிக்கு அடியில் மடித்து வைத்தார். ஆனால் கோலப்பனுக்கு ஊட்டுவதை மட்டும் அவர் விடவில்லை. மூன்று வேளையும் அவரே. வாயைத் துடைத்துவிடுவார். தண்ணீர் கொடுப்பார். இருவரும் பேருந்துகளையும் அல்வாவையும் பற்றிப் பேசித் தீராமல் பேசினார்கள்.

உலகம்மை போன மூன்றாம் நாள் மருத்துவர் கோலப்பனின் வலது கைக் கட்டைக் குறைத்தார். விரல்கள் வெளியே வந்தன. சிவந்து, மெலிந்து, புதிதாக.

"இனிமே நீங்களே எடுத்துச் சாப்பிடணும்," என்றார் மருத்துவர். "அசைக்காம வெச்சிருந்தா விரல் மடங்கி அப்படியே நின்னுடும். அப்புறம் கரண்டி பிடிக்க முடியாது."

அன்று மதியம் கோலப்பன் தட்டை நோக்கிக் கையை நீட்டினார். கரண்டி நழுவிக் கீழே விழுந்தது.

"நீரு சும்மா இரும்வே. நான் எதுக்கு இருக்கேன்?" என்று சொரிமுத்து கரண்டியை எடுத்துக்கொண்டார்.

கோலப்பன் வாயைத் திறந்தார். அன்று இரவும் அப்படியே. மறுநாள் மூன்று வேளையும் அப்படியே.

ஐந்தாம் நாள் மதியம் உலகம்மை வந்து சேர்ந்தாள். சொரிமுத்து தயிர்ச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அடுப்பு பற்றவைத்த கதை, கட்டி தட்டிய உப்புமா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். உலகம்மை சிரித்துச் சிரித்துக் கேட்டாள். கேட்டுக்கொண்டே கோலப்பனின் வலது கையைப் பார்த்தாள். விரல்கள் மடியில் சுருண்டு கிடந்தன.

பையை வைத்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்," என்றார் சொரிமுத்து. "அஞ்சு நாளா யோசிக்கேன். அந்தத் தட்டுல ரெண்டு பக்கமும் வந்து சேந்த உடனே எல்லாம் நின்னுட்டு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறல. போறதுக்கு யாரும் சொல்லல, சரி. நிக்கணும்னு அதுகளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

உலகம்மை அவர் கையிலிருந்து தட்டையும் கரண்டியையும் வாங்கினாள். தட்டைக் கோலப்பனின் மடியில் வைத்தாள். கரண்டியை அவர் விரல்களுக்கு நடுவில் செருகி, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

கோலப்பன் கரண்டியைத் தூக்கினார். கரண்டி சரிந்தது. சோறு சட்டையில் விழுந்தது.

சொரிமுத்துவின் கை தானாக முன்னே போனது. உலகம்மை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

இரண்டாவது தடவை மீசையில் அப்பியது. கோலப்பனின் நெற்றி வியர்த்தது. மூன்றாவது தடவை கரண்டி வாய்க்குள் போனது.

அவர் மெதுவாக மென்றார். கண் கலங்கியது. விழுங்கினார்.

"உப்பு பத்தலவே," என்றார்.

"நாலு நாளா இதே உப்புதானேவே!"

"எங்க சொல்ல விட்டீரு? வாயைத் திறந்தா அடுத்த கரண்டி வந்துருமே."

கால் புண் அம்மா சிரித்தாள். முதுகுக் கட்டுக்காரர் வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். சொரிமுத்துவும் சிரித்துவிட்டார். கோலப்பன் யாரையும் பார்க்காமல் நாலாவது கரண்டியை அள்ளிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை பாதிதான் சிந்தியது.

சிரிப்பு அடங்கியது. சொரிமுத்து உலகம்மையிடம் திரும்பினார்.

"கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையே அக்கா."

உலகம்மை அவர் கையை விட்டாள்.

"நிக்கணும்னெல்லாம் அதுகளுக்குத் தெரியாது அண்ணாச்சி. போயித் தொட்டுப் பாக்கும். அந்தப் பக்கமும் உசுரு இருந்தா, அங்கேயே நின்னுக்கிடும்."