ஏழு குளம் சுத்தக் கிளம்பின செம்மூக்கன்

ஒரு காட்டுக் குளத்துல செம்மூக்கன்னு ஒரு தாழைக்கோழி இருந்துச்சு. பறக்கச் சொன்னா புதரைத் தாண்டுறதுக்குள்ள மூச்சு வாங்கும். ஆனா பேச்சு மட்டும் மேகத்துல பறக்கும்!

பனிக்காலத்துல அந்தக் குளத்துல ஒரு ஊசிவால் வாத்து வந்து இறங்குச்சு. "ஐரோப்பாவுலேர்ந்து வர்றேன். வழியில ஏழு ஏரி பாத்தேன்"னு போற போக்குல சொல்லிட்டு, இறக்கைக்குள்ள தலையை விட்டுத் தூங்கிருச்சு. தூக்கம் போனது செம்மூக்கனுக்குத்தான்!

"அடியே அல்லி! நாமளும் புள்ளைங்களோட ஏழு குளம் பாத்துட்டு வர்றோம். பொழுது சாயறதுக்குள்ள!"

"ஏங்க, அது பறக்குது. நம்ம குஞ்சுங்க இப்பத்தான் நடக்குதுங்க. ஒரு குளம் போதும். நல்லா நீந்திட்டு வரலாம்."

"ஒரே ஒரு குளமா? வெளிய சொன்னா சிரிப்பாங்கடி!"

கிளம்பிருச்சு குடும்பம். முதல் குளத்துல குஞ்சுங்க காலைக்கூட நனைக்கல. செம்மூக்கன் ஒரு தாமரை இதழைப் பிச்சு வாலுல சொருகிக்கிச்சு. ஊருல காட்ட வேணாமா? "பாத்தாச்சுல்ல? கிளம்பு, கிளம்பு!"

ரெண்டாவது குளத்துல, "அப்பா, ஆய் வருது!"

"அடுத்த குளத்துல போய்க்கலாம்!"

மூணாவதுல, "அப்பா, பசிக்குது!"

"நடந்துகிட்டே தின்னு!"

நாலாவது குளத்துல கடைக்குட்டி பொட்டு கத்துச்சு. "அப்பா, இங்க வாயேன்! இலைக்கு அடியில நத்தை முட்டை போடுது!"

"நத்தையப் பாக்கவா இம்புட்டு தூரம் வந்தோம்?"ன்னு சொல்லிகிட்டே, வாலுல இதழ் நேரா நிக்குதான்னு திரும்பிப் பாத்துச்சு. இதழைப் பாத்துச்சு, சரி. புள்ளையப் பாக்கல!

அஞ்சாவது குளத்துக்குப் போற வழியில அல்லி சட்டுனு நின்னுச்சு. "ஏங்க, பொட்டு எங்க?"

"பின்னாடிதான் வரும்."

"பின்னாடி உன் வாலுதான்யா இருக்கு!"

"இன்னும் மூணே குளம்தாண்டி. முடிச்சுட்டுத் திரும்பும்போது…"

வாயை முடிக்கல. மண்டையில விழுந்துச்சு ஒரு கொத்து! அப்புறம்தான் ஐயாவுக்கு உறைச்சுச்சு. வந்த வழியே ஒரே ஓட்டம்.

நாலாவது குளத்துல ஒரு சாம்பல் நாரை கழுத்தை நீட்டிகிட்டு நிக்குது. அதோட அலகுக்கு நேர் கீழ ஒரு தாமரை இலை ஆடுது!

"ஐயோ, எம்புள்ள!"ன்னு செம்மூக்கன் தண்ணியில பாஞ்சுச்சு. அல்லி அந்தப் பக்கம், இது இந்தப் பக்கம். தண்ணிய அடிச்சு நாரை மூஞ்சியில வாரி வாரி இறைச்சுதுங்க.

நாரை முகத்தைச் சுளிச்சுச்சு. "தூ! வாலுல பூ வச்சுகிட்டு சண்டைக்கு வருது பாரு! புள்ளைய வளக்கத் தெரியாதவனுக்கு அலங்காரம் ஒரு கேடு!"ன்னு திட்டிட்டுப் பறந்துருச்சு.

இலைக்கு அடியிலேர்ந்து பொட்டு எட்டிப் பாத்துச்சு. "அப்பா, இப்பவாவது நத்தையப் பாக்குறியா?"

செம்மூக்கன் குனிஞ்சு இலைக்கு அடியில பாத்துச்சு. வாலுல சொருகியிருந்த இதழ் தண்ணியோட போயிருச்சு.

வீடு திரும்புனதும் குளமே கூடிருச்சு. "என்னடா புள்ளைங்களா, என்னல்லாம் பாத்தீங்க?"ன்னு தவளை கேட்டுச்சு.

குஞ்சுங்க எல்லாம் ஒரே குரல்ல, "அப்பா வாலு!"

பொட்டு மட்டும், "நான் நத்தை முட்டை பாத்தேன்! மல்லி மொட்டாட்டம் இருந்துச்சு!"ன்னு குதிச்சுச்சு. உடனே எல்லாக் குஞ்சும் அதைச் சுத்தி உக்காந்து கதை கேக்க ஆரம்பிச்சிருச்சு. செம்மூக்கனைச் சீண்ட ஆளில்ல.

பாத்தேன்னு பீத்திக்கிறதுக்காக ஊர் சுத்துறவன் ஊரையும் பாக்க மாட்டான், கூட வர்ற புள்ளையையும் பாக்க மாட்டான்.