வெறும் உருளி

ஒரு காட்டில், அருவி விழுந்து ஆறாக ஓடத் தொடங்கும் இடத்தில், பேச்சியம்மை என்ற கரடி இருந்தாள். நல்ல மனசுக்காரி. ஆனால் அளந்து சமைக்க மட்டும் அவளுக்கு வராது. நாலு பேருக்கு உலை வைக்கச் சொன்னால் நாற்பது பேருக்கு வைப்பாள். கேட்டால், "குறைஞ்சு போச்சுன்னா யார் முகத்துல முழிக்கது?" என்பாள்.

அந்தக் காட்டில் தினை அறுத்து முடிந்ததும் ஒரு பண்டிகை வரும். வருஷத்துக்கு ஒரு வீட்டில் விருந்து. அந்த வருஷம் பேச்சியம்மையின் முறை. அவள் திட்டம் போட்ட சமையலுக்கு வீட்டில் இருந்த பாத்திரம் போதவில்லை. பக்கத்துப் பாறைச் சந்தில் குடியிருந்த முள்ளம்பன்றி செண்பகத்திடம் போய், அகல வாய் உருளி ஒன்றை இரவல் கேட்டாள்.

செண்பகம் உருளியைத் துடைத்துக் கொடுத்தாள். "அக்கா, முதல் பந்தியிலயே நாங்க உக்காந்துருவோம். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

"உனக்கு இல்லாத எலையா?" என்று பேச்சியம்மை சிரித்தபடி உருளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

பண்டிகை அன்று அவள் குகையில் அடுப்பு அணையவே இல்லை. தினைச்சோறு, சேப்பங்கிழங்கு போட்ட புளிக்குழம்பு, பூசணிக்காய்க் கூட்டு, வாழைக்காய்த் துவட்டல், உருளி நிறைய அவியல், தேன் விட்ட பாயசம். வாசனை மலையைச் சுற்றி வந்தது.

ஆனால் அன்றைக்குப் பார்த்து மேல்மலையில் மழை கொட்டி ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது. அக்கரையில் இருந்த மிளா மான்களும் குரங்குகளும் அங்கேயே நின்று கையை விரித்தார்கள். ஆறு வழிவிடாவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? பேச்சியம்மை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செண்பகம் வராததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. செண்பகம் இக்கரையில் இருப்பவள். கூப்பிடு தூரத்தில் வீடு. முதல் பந்தியில் அவளுக்கும் அவள் புருஷன் மாசானத்துக்கும் பிள்ளைகளுக்கும் இலை போட்டு வைத்துவிட்டு, பேச்சியம்மை பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பந்தி எழுந்தது. இரண்டாம் பந்தியும் எழுந்தது. போட்ட இலைகள் காய்ந்து சுருண்டன. அவற்றை அவளே எடுத்து மடித்துப் போட்டாள். அதன் பிறகு அவள் ஒரு பருக்கைகூட வாயில் வைக்கவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால், முக்கால்வாசிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

அப்போது நரி சொரிமுத்து வந்து சேர்ந்தான். முந்தின நாள் எல்லாப் பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட்டவன் அவன் ஒருவன்தான்.

"மைனி, பாத்திரம் கழுவணுமா? கூடமாட ஒத்தாசை பண்ணலாம்னு வந்தேன்" என்றான். கண் மட்டும் பானைகளின்மேல் இருந்தது.

"கழுவுறதுக்கு முன்னால காலி ஆகணுமே" என்று பேச்சியம்மை பெருமூச்சு விட்டாள். "செண்பகம் வீட்டுக்குக் கொஞ்சம் கொடுத்தனுப்பலாமான்னு யோசிக்கேன்."

நரி மெதுவாக உட்கார்ந்தான். "அவதான் வரலையே."

"வரலை."

"எதுக்கு வரலைன்னு சொல்லி அனுப்புனாளா?"

"இல்லை."

"உருளி கேட்டா கொடுக்கா. சாப்பிடக் கூப்பிட்டா வரமாட்டேங்கா." நரி வாலைத் தடவிக்கொண்டான். "நான் ஒண்ணும் சொல்லலை மைனி. நமக்கு எதுக்குப் பொல்லாப்பு?"

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் பார்த்தீர்களா? பேச்சியம்மைக்கு நெஞ்சு பொருமியது. "என் கைப்பக்குவம் அவளுக்குப் பிடிக்கலையோ?" என்று கேட்டாள்.

"அதை நான் எப்படிச் சொல்ல? ஆனா ஒண்ணு. பந்தி முடிஞ்ச மறுநாள் மிச்சத்தைக் கொண்டு போனீங்கன்னா, எச்சிலைக் கொண்டு வந்துட்டாங்கன்னு அவ முகத்தைத் திருப்புவா. உங்களுக்குத்தான் அவமானம்."

"எச்சிலா? பானைல யாரும் கை வைக்கலையே. கரண்டி போட்டு எடுத்ததுதானே?"

"உங்களுக்குத் தெரியுது. அவளுக்கு யார் போய்ச் சொல்றது?" நரி எழுந்தான். "நீங்க மனசைப் போட்டு அலட்டாதீங்க. எல்லாத்தையும் நான் கொண்டு போய் ஆத்தங்கரையில குழி தோண்டி மூடிருதேன். கண்ணுல படாம இருந்தா மனசும் ஆறிரும்."

சோற்றைப் புதைப்பது என்றதும் பேச்சியம்மை ஒரு கணம் பானைகளைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் கோபம் வந்தவளுக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியாது. "எடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

நரி ஒவ்வொரு பானையாகத் தூக்கிக்கொண்டு போனான். அவியலையும் சட்டிகளில் இருந்ததையும் குடங்களில் வழித்துக்கொண்டு, இரவல் உருளியையும் காலிச் சட்டிகளையும் மட்டும் விட்டுவிட்டான். பானைகளை அவன் மூடி போட்டு, கொடியால் இறுக்கிக் கட்டித் தூக்கியதைப் பார்த்திருந்தால் பேச்சியம்மைக்குச் சந்தேகம் வந்திருக்கும். புதைக்கப் போகிற சோற்றுக்கு மூடி எதற்கு? அவள்தான் பார்க்கவில்லையே.

அவன் போன பிறகு அவள் உருளியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். இன்றைக்கே கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும், ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள். தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்தவள் நின்றுவிட்டாள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு கை அரிசியோ, நாலு பழமோ, எதுவாவது உள்ளே இருக்க வேண்டும். வெறும் பாத்திரம் திரும்பினால், இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று அர்த்தம்.

பேச்சியம்மைக்கு அத்தனை கோபம் இருந்தது. ஆனால் அத்தனை தைரியம் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே குகைக்குத் திரும்பினாள்.

உள்ளே என்ன இருக்கிறது? நரி வழித்துப் போட்டுவிட்டுப் போன சட்டிகள்தான். ஒன்றின் அடியில் கொஞ்சம் குழம்பு, ஒன்றில் ஒரு கரண்டி கூட்டு, கரண்டியில் ஒட்டிய அவியல், மூலையில் நாலு துண்டு வாழைக்காய். எல்லாவற்றையும் அந்த உருளியில் கூட்டி, சிறு தீயில் வைத்துக் கிண்டினாள். குழம்பு வற்றியது. காய்கள் ஒன்றோடொன்று குழைந்து, எது பூசணி எது கிழங்கு என்று தெரியாமல் போயின. எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நின்றது. பழங்கறி என்று சொல்வோமே, அதுதான். பார்க்க ஒரு அழகும் கிடையாது. வாசனைக்கு எட்டு வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

"வழக்கத்துக்காகத்தான் கொண்டு போறேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

பாறைச் சந்து தெரியும்போதே உள்ளிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "அம்மா, நேத்து வந்த வாசம் இன்னைக்கு நடந்து வருது."

முள் இன்னும் கெட்டிப்படாத இரண்டு குட்டிகள் ஓடி வந்து உருளியைப் பார்த்துக்கொண்டு நின்றன. தொடவில்லை. பின்னாலேயே செண்பகம் வந்தாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. பேச்சியம்மை மனப்பாடம் செய்து வைத்திருந்த கடுகடுப்பு எங்கேயோ போய்விட்டது.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்லைக்கா. இவுகளுக்குத்தான்" என்று செண்பகம் உள்ளே கை காட்டினாள்.

மாசானம் இலைப் படுக்கையில் கிடந்தான். பின்னங்காலில் தழை வைத்துக் கட்டியிருந்தது. பண்டிகைக்கு முந்தின நாள் மேட்டில் வள்ளிக்கிழங்கு தோண்டப் போயிருக்கிறான். தோண்டிய மண் சரிந்து காலை மடக்கிவிட்டது. செண்பகம் அவனை இழுத்துக்கொண்டு வந்து சேர்த்ததோடு சரி. அதன் பிறகு அவன் பக்கத்தை விட்டு அவள் நகரவில்லை. இரை தேடப் போகவும் முடியவில்லை.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?" என்றாள் பேச்சியம்மை.

"அனுப்புனேனே. நேத்து சாயங்காலம் சொரிமுத்து அண்ணாச்சி இந்த வழியாத்தானே விருந்து முடிஞ்சு போனாரு. அவர்ட்ட சொல்லி விட்டேன். பிள்ளைகளுக்கு மட்டும் ரெண்டு உருண்டை சோறு கிடைக்குமான்னும் கேட்டேன். எல்லாம் தீர்ந்து போச்சு, பானையைக் கவுத்தியாச்சுன்னு சொல்லிட்டாரு."

பேச்சியம்மை உருளியைக் கீழே வைத்தாள். "நீ அதை நம்பிட்டியா?"

"நம்பாம என்னக்கா? அம்புட்டு சனம் வந்திருக்கும். தீராம இருக்குமா? கொஞ்சம் மிஞ்சியிருந்தாக்கூட அக்கா முதல்ல நமக்குத்தானே கொடுத்தனுப்புவாங்கன்னு பிள்ளைகள்ட்ட சொன்னேன்."

பேச்சியம்மைக்குத் தலை நிமிரவில்லை. ஒரே நரி இரண்டு வீட்டிலும் பேசியிருக்கிறான். செண்பகம் தன்னைப் பற்றி இவ்வளவு நல்லதாக நினைத்திருக்கிறாள். தான் இவளைப் பற்றி என்ன நினைத்தோம் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

குட்டிகள் அதற்குள் உருளியில் தலையை விட்டிருந்தன. நக்கி நக்கி உருளியின் அடி பளிச்சென்று தெரிந்தது. சின்னவன் நிமிர்ந்து, "பெரியம்மா, இன்னும் இருக்கா?" என்று கேட்டான்.

பேச்சியம்மை எழுந்து நேராக நரியின் வளைக்கு நடந்தாள்.

வளைக்குள் சொரிமுத்து மல்லாந்து கிடந்தான். வயிறு கூரையைப் பார்த்து நின்றது. சுற்றிலும் பானைகள். புதைக்கவும் இல்லை, புதைக்கக் குழி தோண்டவும் இல்லை.

"மைனி... முடியலை மைனி" என்று முனகினான்.

"எல்லாத்தையும் ஒரே மூச்சுல தின்னியாக்கும்?"

"வேற யாரும் வந்து கேட்டுட்டா என்ன பண்றதுன்னுதான்..."

பேச்சியம்மை மூடிகளைத் திறந்து பார்த்தாள். சூடு பண்ணாமல் வளையின் புழுக்கத்தில் மூடி வைத்த கூட்டும் அவியலும் புளித்து நுரைத்திருந்தன. பாயசமும் போயிற்று. அத்தனை பேர் பசி தீர்த்திருக்க வேண்டியது. அவளுக்குக் கண் கலங்கியது. புளிக்குழம்பு மட்டும் கெடாமல் இருந்தது. ஒரு பானைத் தினைச்சோற்றில் அவன் கை வைக்கவே இல்லை. வயிற்றில் இடம் இருந்தால்தானே?

அவள் குழம்புப் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வயித்து வலிக்கு ஓமத்தண்ணி வேணுமா?" என்று கேட்டாள்.

"வேணும் மைனி. புண்ணியமா போகும்."

"செண்பகம் வீட்டுல இருக்கு. அந்தச் சோத்துப் பானையைத் தூக்கிட்டு என் பின்னாலயே வா. வந்தாத்தான் கிடைக்கும்."

சொரிமுத்து எழுந்தான். ஒரு கையால் பானையையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் முனகியபடி அவள் பின்னால் வந்தான். செண்பகம் வீட்டு வாசலில் பானையை இறக்கினான். செண்பகம் அவனை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஓமத்தைத் தட்டிக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமலே அதைக் குடித்து முடித்தான்.

மாசானம் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டான். குட்டிகள் சாப்பிட்டுச் சாப்பிட்டு அங்கேயே தூங்கிப் போயின. பேச்சியம்மையும் அப்போதுதான், பண்டிகைக்குப் பிறகு முதல் முறையாக, ஒரு வாய் உண்டாள்.

பொழுது சாயும்போது அவள் தன் குழம்புப் பானையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"இருங்கக்கா" என்று செண்பகம் பானையை வாங்கி உள்ளே போனாள். திரும்பி வந்தபோது பானை கனத்தது. உள்ளே மண் துடைத்த பெரிய வள்ளிக்கிழங்கு ஒன்று இருந்தது.

"இது ஏது?"

"உங்க விருந்துக்குன்னு அவுக தோண்டுனதுதான். ரெண்டு கிடைச்சுது. சின்னதை நேத்து பிள்ளைகளுக்கு அவிச்சுக் கொடுத்தேன். பெருசு உங்க பேருக்கு எடுத்து வச்சது. இன்னைக்கும் ஒரு வழியும் இல்லைன்னா இதையும் அவிச்சிரலாம்னுதான் இருந்தேன், பொய் சொல்லலை. அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க." செண்பகம் லேசாகச் சிரித்தாள். "வெறும் பானையா கொடுத்து விடக்கூடாதுல்ல?"

பேச்சியம்மை பானையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். ஓரத்தில் அவள் கொண்டுவந்த உருளி இருந்தது. நாலு சட்டியின் அடியை வழித்து, அதுவும் மனசில்லாமல், அவள் நிரப்பிக் கொண்டுவந்த உருளி.

அவள் திரும்பி உள்ளே வந்தாள். கிழங்கை எடுத்து அடுப்பங்கரையில் வைத்தாள்.

"மாசானம் கால் ஊன்றி நடக்கற வரைக்கும் எனக்கும் இங்கதான் அடுப்பு" என்றாள். "ஏ சொரிமுத்து, அங்க என்ன முழிக்க? போய் விறகு பொறுக்கிட்டு வா."

நீதி: விருந்துக்கு வராதவர்மேல் கோபப்படுவதற்கு முன், அவர் பங்கை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.